1951: ஒன்பது வெற்றி, வராத அழைப்பு

பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் தலைசிறந்த அணிகள் எவை என்று பேச்சு எழும்போதெல்லாம் 1951ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணியை உருக்கமான கதையாக மட்டும் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார்கள். எனக்கு இதில்தான் கோபம். அனுதாபம் இருக்கட்டும், முதலில் அவர்கள் எப்படி ஆடினார்கள் என்று பேசுங்கள்.

இயேசு சபையினர் நடத்தும் சிறிய கல்லூரி அது. பயிற்சியாளர் ஜோ குஹாரிச். ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் வெற்றி. நியூயார்க்குக்குப் போய் ஃபோர்டம் அணியை 32-26 என்று வென்ற நாளில், எதிரணி உதைத்தனுப்பிய பந்தைப் பிடித்துக்கொண்டு ஓலி மேட்சன் இரண்டு முறை ஏறக்குறைய மைதானம் முழுவதையும் ஓடிக் கடந்து, எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளிகள் சேர்க்கும் டச் டவுன் எடுத்தார். அந்தப் பருவத்தில் அவர் ஓடிச் சேர்த்தது 1,566 கெஜம். நாட்டிலேயே அதுதான் அதிகம். அடுத்த ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் வெண்கலமும் தொடர் ஓட்டத்தில் வெள்ளியும் வென்றார். அவர் வேகத்துக்கு வேறு சான்று வேண்டுமா?

பருவம் முடிந்ததும் நல்ல அணிகளைப் புத்தாண்டையொட்டி நடக்கும் பவுல் ஆட்டங்களுக்கு அழைப்பது அங்கே வழக்கம். ஆரஞ்ச், சுகர், கேட்டர் ஆகிய மூன்று பவுல்களும் நடப்பது இனப்பாகுபாடு சட்டமாகவே இருந்த தென் மாநிலங்களில். மேட்சனும் அவருடைய சக ஆட்டக்காரர் பர்ல் டோலரும் கறுப்பினத்தவர்கள். அவ்விருவரையும் விட்டுவிட்டு வந்தால் அழைப்பு உண்டு என்று தங்களிடம் தெரிவிக்கப்பட்டதாக அணியினர் பிற்காலத்தில் சொன்னார்கள். அணி மறுத்துவிட்டது. அழைப்பு வரவில்லை.

எதிரணிகள் பலவீனமானவை, அதனால்தான் அழைக்கவில்லை என்று ஒரு சமாதானம் அப்போதே சொல்லப்பட்டது. இன்றும் அதை நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோ 47-14 என்று நொறுக்கிய பசிஃபிக் கல்லூரிக்கு அதே பருவத்தில் சன் பவுல் அழைப்பு கிடைத்தது. தோற்ற அணிக்கு இருந்த தகுதி வென்ற அணிக்கு இல்லாமல் போனதா? மேட்சன், ஜீனோ மார்செட்டி, பாப் செயின்ட் கிளேர் என்று அந்த ஓர் அணியிலிருந்தே மூன்று ஆட்டக்காரர்கள் பின்னாளில் தொழில்முறை ஃபுட்பாலின் புகழரங்கில் இடம்பெற்றார்கள். பலவீனம் என்ற பேச்சு வெறும் சப்பைக்கட்டு.

மறுப்பின் விலை சிறியதல்ல. நட்டத்தில் தவித்த கல்லூரிக்கு பவுல் ஆட்டத்தின் வருமானம் கைகொடுத்திருக்கும். அது கிடைக்காமல், அந்தப் பருவத்தோடு ஃபுட்பால் அணியே கலைக்கப்பட்டது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வெள்ளையின ஆட்டக்காரர்களின் பெருந்தன்மையை மட்டும் புகழ்ந்து நிறுத்திக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் செய்தது உயர்ந்த செயல், சந்தேகமே இல்லை. ஆனால் அவமானம் யாருடையது? டோலரைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறோம்? 1952இல் கல்லூரி நட்சத்திரங்களுக்கான ஆட்டத்தில் முழங்காலில் பட்ட காயம் அவருடைய ஆட்ட வாழ்க்கையையே முடித்துவிட்டது. அவர் ஆசிரியரானார், சான் பிரான்சிஸ்கோவில் பள்ளி முதல்வரானார். 1965இல் அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லின் முதல் கறுப்பின நடுவராகக் களத்தில் இறங்கினார். அப்போது என்எஃப்எல்லின் தலைமைப் பொறுப்பில் இருந்த பீட் ரோசெல், 1951இல் அதே கல்லூரி அணியின் விளம்பரப் பொறுப்பாளர்! 1980இல் என்எஃப்எல்லின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலிலும் டோலர் நடுவராக இருந்தார்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதி ஒன்று 2017 வரை ஜேம்ஸ் ஃபீலன் பெயரில் இருந்தது. கலிபோர்னியாவை வெள்ளையர் மாநிலமாகவே வைத்திருப்போம் என்று முழங்கி 1920இல் செனட் தேர்தலில் நின்ற மனிதர் அவர். மாணவர்கள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகே அந்தப் பெயரை எடுத்துவிட்டு டோலரின் பெயரைச் சூட்டினார்கள். மனமார வரவேற்கிறேன். ஆனால் டோலர் 2009 வரை உயிரோடு இருந்தார். அவர் கண்ணெதிரிலேயே அதைச் செய்திருக்க வேண்டும்.