முப்பத்து நான்கு கை

சென்ற மே மாதம் நீச்சல் வகுப்பில் சேர்த்த என் மகளை, பத்தாவது நாளே போட்டிக்கான குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். வயது 9, உயரம் 125 செ.மீ. காரணம் கேட்டேன். "25 மீட்டருக்கு 34 கை போடுகிறாள் சார். பக்கத்தில் நீந்தும் பையன் 24இல் முடிக்கிறான். இவள் நீந்தவில்லை, தண்ணீரை அடிக்கிறாள்" என்றார் பயிற்றுநர். அந்தப் பையன் அவளைவிட ஒரு சாண் உயரம்.

அன்று வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. குட்டைக் கை ஒரு வீச்சில் குறைந்த தூரம்தான் போகும். அது கையின் நீளம். அதைத் திறமைக் குறைவு என்று எழுதி வைப்பது அநியாயம்.

உயரமானவர்களுக்குத் தண்ணீரில் சலுகை உண்டு, மறுக்கவில்லை. நீர்மட்டத்தில் நகரும் எந்த உடலும் தனக்கு முன்னால் ஓர் அலையை எழுப்புகிறது. ஒரு வேகத்துக்கு மேல் போனால் அந்த அலையே மேடாகி வழிமறிக்கும். படகு கட்டுபவர்களுக்கு இது பழைய பாடம்: நீளமான படகுக்கு அந்த வேக எல்லை உயரும். அதே கணக்கை உடலுக்குப் போட்டால், 125 செ.மீ. நீளத்துக்கு எல்லை விநாடிக்கு ஏறத்தாழ 1.4 மீட்டர், 180 செ.மீ.க்கு 1.7. ஆகவே பந்தய வேகத்தில் சிறு பிள்ளை தன் அலையோடு முன்னதாகவே மல்லுக்கட்டத் தொடங்கிவிடுகிறாள்.

ஆனால் நிதான வேகத்தில் நிலைமை வேறு. சிறிய உடல் தண்ணீரில் அடைக்கும் இடம் குறைவு, அதனால் தடையும் குறைவு. இன்னொன்று, கால் தாழ்வது. மூச்சு நிறைந்த நெஞ்சு மிதக்கும், கனத்த கால்கள் அமிழும். மிதப்பின் மையத்துக்கும் எடையின் மையத்துக்கும் உள்ள இடைவெளிதான் காலைக் கீழே இழுக்கிறது. நெட்டையான ஆண்கள் காலை மேலே வைத்திருக்கவே பாதி உதைப்பைச் செலவழிப்பதைக் குளத்தில் யாரும் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு அந்தத் தொல்லை குறைவு. ஒரே நிதான வேகத்தில் ஒரு மீட்டரைக் கடக்க அவர்களுக்குச் செலவாகும் மொத்த ஆற்றலும் பெரியவர்களைவிடக் குறைவுதான். 1994இல் நம் குற்றாலீஸ்வரன் பாக் நீரிணையை நீந்திக் கடந்தபோது வயது 12.

ஜேனட் எவன்ஸை அந்தப் பயிற்றுநர் கேள்விப்பட்டதில்லையா? உயரம் ஏறத்தாழ 165 செ.மீ. 1988 சியோல் ஒலிம்பிக்கில், 17 வயதில், தன்னைவிட நெடிய வீராங்கனைகளுக்கு நடுவே மூன்று தங்கம் வென்றார். முழங்கை மடக்காமல், காற்றாடி சுழல்வதுபோல் அடுத்தடுத்துக் கை போட்டார். அந்த வீச்சு அவருடைய உடலுக்குப் பொருந்தியது. அங்கே 400 மீட்டரில் அவர் எடுத்த 4 நிமிடம் 3.85 விநாடியை 2006 வரை எந்தப் பெண்ணும் முந்தவில்லை. கை எண்ணிக்கையைக் குறை என்று யாராவது அவரைக் கட்டிப்போட்டிருந்தால் என்னவாகியிருக்கும்?

வகுப்பில் என்னை வருத்திய இன்னொன்று, குளிர். உதடு நீலமாகி நடுங்கும் பிள்ளைகளிடம் "நடிக்காதே, தண்ணீரில் இறங்கு" என்கிறார்கள். சொல்பவர் கரையில், உலர்ந்த சட்டையில் நிற்கிறார். ஒவ்வொரு கிலோ எடைக்கும் குழந்தையின் தோல் பரப்பு பெரியவரைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு. காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும் தண்ணீரில் அந்தச் சிறிய உடம்பு எவ்வளவு நேரம் தாங்கும்? நடுங்கினால் கரையேற்றித் துண்டைப் போர்த்துங்கள், தயவுசெய்து.

வகுப்பு நடத்துகிறவர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். பத்து வயதுப் பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டுக் கழித்துவிடாதீர்கள். போன மாதத்து அவளோடு இந்த மாதத்து அவளை ஒப்பிடுங்கள்.

நாங்கள் இப்போது வேறொரு குளத்துக்குப் போகிறோம். சமையலறை நாள்காட்டியில் ஞாயிறுதோறும் அவளே எண்ணி எழுதுகிறாள். மே மாதம் 34. நேற்று 29. உயரம் கூடியது ஒரே ஒரு செ.மீ.