4 மைல் வேகத்தில் என்ன ஐயா அவசரம்?

மணிக்கு 4 மைல். இங்கிலாந்தின் குறுகிய கால்வாய்களில் படகுக்கு விதித்த உச்ச வேகம் இவ்வளவுதான். கரைப்பாதையில் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கும் பெரியவர் நம்மைத் தாண்டிப் போவார். போகிற போக்கில் திரும்பிப் பார்த்துச் சிரிக்கவும் செய்வார். அந்தச் சோம்பலுக்காகத்தான் காசைக் கொட்டி நேரோபோட் என்கிற ஒடுங்கிய நீளப் படகை வாடகைக்கு எடுக்கிறோம். அங்கேயும் வந்து ஒருவர் பறந்தால் வயிறு எரியுமா எரியாதா?

அக்டோபர் கடைசி, பள்ளி விடுமுறை வாரம். ஆக்ஸ்போர்டு கால்வாயில், நாப்டன் குன்றின் அடிவாரத்தில் படகைக் கட்டியிருந்தோம். குன்றின் மேல் காற்றாலை, தண்ணீர் மேல் மூடுபனி, கணப்பில் விறகு. தேநீரை வாயருகே கொண்டுபோனேன். படகு ஒரு குலுக்குக் குலுக்கியது. தேநீர் முழுவதும் மடியில்.

கட்டிக் கிடக்கும் படகுகளைக் கடக்கும்போது எஞ்சினைத் தணிக்க வேண்டும் என்பது படகை வாடகைக்குக் கொடுப்பவர்கள் சொல்லும் முதல் பாடம். கால்வாய் அகலமில்லாதது, ஆழமும் கிடையாது. வேகமாகப் போகும் படகு தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும். கூடவே நம் படகையும் இழுக்கும். மழையில் ஊறிய கரையில் அடித்திருந்த முளை பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சேற்றில் வழுக்குகிறேன், அந்த மகானுபாவர் கையசைத்து காலை வணக்கம் சொல்கிறார்!

அவர் வேகமாகப் போனார் என்று சொல்வதுகூடத் தவறு. இலையுதிர் காலத்தில் தண்ணீரெல்லாம் இலைக்கூழ். சுழல்விசிறியில் இலை அப்பிக்கொண்டால் சில விநாடி பின்னோக்கி ஓட்டி உதற வேண்டும், அவ்வளவே. அதை விட்டுவிட்டு எஞ்சினை முறுக்கினால் படகின் பின்புறம் அமிழும், அலை எழும்பிக் கரையை அரிக்கும். புகையும் இரைச்சலும்தான் மிச்சம்.

இவ்வளவு பாடுபட்டு எங்கே போனார் என்கிறீர்கள்? அரை மைல் தள்ளி, படகை மேலேற்றும் முதல் லாக்கில் வரிசையில் நின்றார். நாங்கள் முளையைத் திரும்ப அடித்து, வேறு தேநீர் போட்டுக் குடித்து, மெல்ல ஊர்ந்து போனபோது எங்களுக்கு நேர் முன்னால் அவர்!

அந்தப் பக்கம் மேலே ஏற 9 லாக். கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தி, மதகைத் திறந்து நீரை நிரப்பி, அடுத்த மட்டத்துக்கு ஏற்றும் தொட்டி அது. ஒரு தடவை நிரப்பவே ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் வேண்டும். ஆகவே வெளியேறியதும் மேல்மதகை முழுவதும் இறக்கிவிட்டுப் போக வேண்டும். கைப்பிடியை இன்னும் நாலு சுற்றுச் சுற்றினால் முடிகிற வேலை. நாலாவது லாக்கில் அவருக்கு அந்த நாலு சுற்றுக்குப் பொறுமை இல்லை.

நாங்கள் கீழ்மதகைத் திறந்துவிட்டுக் காத்திருக்கிறோம், காத்திருக்கிறோம், தொட்டி வடியவே இல்லை. மேலே ஏறிப் பார்த்தால் மேல்மதகு பாதியில் தொங்குகிறது. மேலே இருந்த சிறு தேக்கம் அத்தனையும் எங்கள் கண்ணெதிரே இந்த வழியாக ஓடிவிட்டது. ஒருவழியாக லாக்கைவிட்டு வெளியே வந்த படகு சேற்றில் உட்கார்ந்துகொண்டது. என் மனைவி அடுத்த லாக்குவரை நடந்துபோய்க் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் இறக்கினாள். எங்களுக்குப் பின்னால் மூன்று படகுகள். ஒன்றரை மணி நேரம் போயிற்று. அந்த ஞாயிறுதான் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பியிருந்தார்கள், ஐந்தரைக்கெல்லாம் கும்மிருட்டு. வாடகைப் படகை இருட்டில் ஓட்டவும் கூடாது.

லாக்கெல்லாம் ஏறி முடித்த உச்சிமட்டத்தில் கால்வாய் எப்படிப் போகிறது தெரியுமா? 18ஆம் நூற்றாண்டில் நிலத்தின் மட்டம் பார்த்து, மேட்டைச் சுற்றிச் சுற்றி வெட்டியது. நேரே பறக்கும் காக்கைக்கு 5 மைல்கூட இல்லாத தூரம் படகுக்கு 11 மைல். வெட்டியவனுக்கே இல்லாத அவசரம் இவருக்கு!

பொழுது சாயும் நேரம். ஒரு வளைவில் திரும்பினால் அவர் படகு. எல்லோரும் குடிநீர் பிடிக்கும் குழாயடியில், யாரும் இரவு தங்கக் கூடாத இடத்தில், கயிறு கட்டிப் படுத்துக் கிடக்கிறது. எங்கள் படகின் குடிநீர்த் தொட்டியோ காலி. என்ன செய்ய, எஞ்சினை அடியோடு தணித்து, வாத்துகூட எங்களை முந்துகிற வேகத்தில் கடந்தேன். ஜன்னல் திறந்தது. கையில் கோப்பையோடு ஒரு தலை எட்டிப் பார்த்துக் கத்தியது:

“கொஞ்சம் மெதுவாகப் போகக் கூடாதா?”