பிழைப்பதிவைப் பூட்டிவைத்துவிட்டு விதி எழுதச் சொல்கிறார்கள்

வலைப்பதிவின் பழைய முகவரிகளைப் புதியவற்றுக்குத் திருப்பிவிடுவது எளிய வேலை என்றுதான் எல்லா வழிகாட்டிகளும் எழுதுகின்றன. தமிழில் தலைப்பிட்டு எழுதுபவர் ஒருவர்கூட அந்த வழிகாட்டிகளின் கண்ணில் பட்டதில்லை போலும்.

தமிழ் முகவரியை உலாவியிலிருந்து நகலெடுத்து ஒட்டினால், யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியேற்ற முறையில் 3 பைட்டுகளாகும் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும், சதவீதக் குறிகளோடு 9 எழுத்துகளாக விரிந்து வருகிறது. அதை அப்படியே, அப்பாச்சி என்ற வலை சர்வர் மென்பொருளில் முகவரியை மாற்றும் விதியான ரீரைட்ரூல் வரியில் இட்டால் அது ஒருநாளும் பொருந்தாது. ஏனெனில் அப்பாச்சி முகவரியை முதலில் பழையபடி தமிழ் எழுத்துகளாக மாற்றிக்கொண்டு, அதன் பிறகே விதியோடு ஒப்பிடுகிறது. திருப்பிவிடும் இடத்தில் ஒட்டினால் இன்னும் கேடு. அங்கே சதவீதக் குறியை அடுத்து ஓர் எண் வந்தால், முந்தைய நிபந்தனையில் பிடிபட்ட துண்டைக் கேட்பதாக அது பொருள்கொள்ளும். ‘க’ என்ற எழுத்தின் கடைசி பைட்டான 95-இலுள்ள 9 அப்படியே விழுங்கப்பட்டுவிடும். மிஞ்சிய சதவீதக் குறிகளோ மறுபடி குறியேற்றப்பட்டு 25 என்ற வாலோடு வெளிவரும். இரு பக்கமும் தமிழ் எழுத்துகளையே இட்டு, கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தால் எல்லாம் நேராகிவிடுகிறது. இந்த ஒற்றை வரியை எழுதிவைக்க ஏன் யாருக்கும் மனம் வரவில்லை?

இவற்றைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது சர்வரின் மௌனம். தளத்தின் கோப்புறையில் வைக்கும் எச்டிஅக்செஸ் என்ற அமைப்புக் கோப்பில் முகவரியின் முதல் சாய்கோடு நீக்கப்பட்ட பிறகே ஒப்பீடு நடப்பதால், முதன்மை அமைப்புக் கோப்புக்காக எழுதிய விதி அங்கே செத்துக் கிடக்கும். எச்சரிக்கை ஏதும் வராது. எச்டிஅக்செஸை மதிப்பதா என்று முதன்மைக் கோப்பில் முடிவுசெய்யும் அலவ்ஓவர்ரைடு ‘நன்’ (எதுவுமில்லை) என்றிருந்தால் கோப்பு முழுவதுமே படிக்கப்படாது. அப்போதும் எச்சரிக்கை இல்லை. வாசகருக்குப் பக்கம் இல்லை என்ற 404 காட்டப்படுகிறது, எழுதியவருக்கு எதுவுமே காட்டப்படுவதில்லை.

எந்த விதி எந்த இடத்தில் தவறியது என்பதைப் படிப்படியாகச் சொல்லும் வசதி இல்லாமலில்லை. அப்பாச்சியின் 2.4 பதிப்பில், எவ்வளவு விவரம் பதிய வேண்டும் என்று சொல்லும் லாக்லெவல் வரியில் ரீரைட் ட்ரேஸ் என்று கேட்டால் பிழைப்பதிவில் ஒவ்வொரு ஒப்பீடும் வரிவரியாக இறங்கும். ஆனால் அந்த ஆணையை எச்டிஅக்செஸ் கோப்பில் எழுத முடியாது. பகிர்வு சர்வரில் இடம் வாங்கியவருக்கோ அந்தக் கோப்பைத் தவிர வேறெதிலும் கை வைக்க உரிமையில்லை. உதவிப் பிரிவுக்கு எழுதிக் கேட்டால், விதியைச் சரிபார்க்கவும் என்று ஒருவரிப் பதில் வருகிறது. எதைக்கொண்டு சரிபார்ப்பது? நிரந்தரத் திருப்பம் என்று சொல்லும் 301 ஒன்றைத் தவறாக இட்டு, அதை உலாவி நினைவில் வைத்துக்கொண்டுவிட்டால், திருத்திய பிறகும் பழைய தவறே தெரியும் என்பதால், ஊகித்து ஊகித்துப் பார்ப்பதற்கும் வழியில்லை. தற்காலிகத் திருப்பமான 302 இட்டுச் சோதிக்க வேண்டும் என்பதையும் அவர்கள் சொல்வதில்லை.

லாக்லெவலை ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியே அமைக்க முடியும் என்பதால், மற்றவர் தகவல் வெளியாகிவிடும் என்ற சாக்கும் இங்கே செல்லாது. காசு கொடுத்து இடம் வாங்கியவர் தம் தளத்தின் ட்ரேஸைத் தாமே சற்று நேரம் இயக்கிப் பார்க்க, கட்டுப்பாட்டுப் பலகத்தில் ஒரு பொத்தான் வையுங்கள்.