நன்றி, சரி. அப்புறம்?

நான் இருக்கும் ஒரு இணையக் குழுவில் பெரும்பாலும் எழுத்துருத் தகராறுகள்தான் ஓடும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை இன்றைய பொதுக் குறியேற்றமான யூனிகோடுக்கு மாற்றுவது எப்படி, பிடிஎஃப்-இல் கொம்பும் காலும் ஏன் இடம் மாறி நிற்கின்றன, இப்படி. அதை நடத்துபவருக்கு இதில் காலணா வருமானம் கிடையாது. பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், விட்டுவிடுகிறேன்.

சந்தேகங்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிறார் என்றுதான் எல்லோரும் அவரைப் புகழ்கிறார்கள். பதில் சொல்ல இன்னும் பலர் இருக்கிறோம். வேறு யாரும் தொடாத வேலைகள்தான் பெரிது. வீட்டிலிருந்தே லட்சம் சம்பாதிக்க அழைக்கும் மோசடி இணைப்புகள் நம் கண்ணில் படுவதற்குள் காணாமல் போகின்றன. இரண்டு பேருக்குள் பேச்சு தடித்தால், அவர் இருவரிடமும் தனித்தனியே இன்பாக்ஸில் பேசுகிறார். மறுநாள் ஒன்றுமே நடக்காதது போல இருவரும் பேசிக்கொள்கிறார்கள். வெளியே அனுப்பப்பட்டவர் திட்டி எழுதுவதையும் அவர்தான் வாங்கிக் கட்டிக்கொள்கிறார். "இங்கே தொல்லையே இல்லையே, அட்மின் எதற்கு?" என்று ஒருவர் கேட்டாரே, அவரை என்ன சொல்ல!

"தன்னலமற்ற சேவை" என்று கும்பிடும் ஸ்டிக்கரை நாம் போடும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது. புகழ்ந்த கையோடு, அந்தச் சுமை அவருக்கே உரியது என்று எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

எக்ஸ்இசட் (XZ) கதை தெரிந்தவர்களுக்கு இது புரியும். கோப்புகளைச் சுருக்கும் சின்ன மென்பொருள் அது, லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் கணினிகளில் பரவலாக உண்டு. பல ஆண்டுகளாக ஏறக்குறைய ஒரே ஆள்தான் பராமரித்து வந்தார். வேலை மெதுவாக நடக்கிறது என்று சிலர் நச்சரித்தபோது, இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்பதை நினைவில் வையுங்கள் என்று 2022-இல் எழுதினார். உதவுகிறேன் என்று ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் அதற்கு முந்தைய ஆண்டே வந்திருந்தார். ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கை பெற்றார், பராமரிப்பாளர் பொறுப்பும் கிடைத்தது. அப்புறம் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், வெளியாள் கணினிக்குள் புகுந்துகொள்ளத் திருட்டு வாசல் ஒன்று நுழைந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் தோண்டிப் பார்த்ததால் 2024 மார்ச்சில் விஷயம் வெளியே வந்தது. நச்சரித்த கணக்குகளும் அதே சதியின் பகுதியாக இருக்கலாம் என்று பலர் சந்தேகித்தார்கள்.

களைத்துப்போன ஒற்றை ஆளிடம் எல்லாச் சாவியும் இருந்ததுதான் அந்தச் சதிக்கு வழிவிட்டது என்பேன். நல்ல எண்ணத்தோடு உதவ வந்தவர்கள் போதவில்லை, கெட்ட எண்ணத்தோடு வந்தவருக்கு இடம் கிடைத்தது. விக்கிப்பீடியாவிலும் நிர்வாகிகள் சம்பளமில்லாதவர்கள்தான். ஆனால் அங்கே பலர் இருக்கிறார்கள், விஷமத் திருத்தத்தை மீளமைக்க நிர்வாகியாகவே இருக்க வேண்டியதும் இல்லை.

நம்மவரிடம் கேட்டேன், பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கலாமே என்று. "கேட்டுப் பார்த்தேங்க, எல்லோரும் பிஸி" என்றார். இரவு நேரத்தில் வரும் பதிவுகளை இனி நான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன். காலை நேரத்துக்கு ஒருவர் வேண்டும். புதிதாகச் சேர விண்ணப்பிப்பவர்களைச் சரிபார்க்க இன்னொருவர். இரண்டுக்கும் குழுவில் நெடுநாளாக இருந்து பழகியவர்களாக இருந்தால் நல்லது. இதைப் படிக்கும் குழு உறுப்பினர்களில் முடிந்தவர்கள் அவருக்கே நேராக எழுதிவிடுங்கள்.