மிஸ், நீங்க எழுதலையா?

பிள்ளைகளுக்குக் கதை எழுதும் வகுப்பு எடுக்கத் தொடங்கிய முதல் வருடம் நான் செய்துகொண்டிருந்தது இதுதான். பலகையில் தலைப்பை எழுதுவேன். இருபது நிமிடம் என்பேன். அப்புறம் மேசைகளுக்கு நடுவே மேலும் கீழும் நடப்பேன், தேர்வு அறை மேற்பார்வையாளர் மாதிரி. யாராவது பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தால் "யோசி, யோசி" என்பேன்.

ஒருநாள் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி நிமிர்ந்து பார்த்து, "மிஸ், நீங்க எழுதலையா?" என்றாள். கிண்டல் இல்லை. எல்லோரும் ஓடிப்பிடித்து விளையாடும்போது ஓரமாக நிற்பவரைப் பார்த்துக் கேட்போமே, அப்படி. "எனக்கு வேற வேலை இருக்கு" என்றேன். பொய். ஒரு வேலையும் இல்லை. பயம்தான் இருந்தது.

அடுத்த வாரம் நானும் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தலைப்பு 'மழை நாள்'. நான் கொடுத்ததுதான். "வானம் இருண்டிருந்தது" என்று எழுதினேன். இரண்டாவது வரி வரவே இல்லை. அரை மணி நேரம் போல நீண்ட அந்த ஐந்து நிமிடத்தில்தான் புரிந்தது, தலைப்பே மோசம் என்று. மழை நாளைப் பற்றி யாருக்கும் சொல்ல ஒன்றுமில்லை. மழையில் அடித்துக்கொண்டு போன ஒற்றைச் செருப்பைப் பற்றிச் சொல்ல இருக்கும். அதே தலைப்பைப் பல முறை கொடுத்துவிட்டு, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கற்பனையே இல்லை என்று நண்பர்களிடம் புலம்பியிருக்கிறேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அதனால் என் கருத்து இது. பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லித்தருகிறவர் கூடவே உட்கார்ந்து எழுத வேண்டும். எப்போதாவது இல்லை, ஒவ்வொரு முறையும். அதே தலைப்பு, அவர்களுக்குக் கொடுக்கும் அதே நிமிடங்கள். எழுதியதை அவர்கள் முன்னால் வாசிக்கவும் வேண்டும். பிள்ளைகள் அச்சான புத்தகத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். பெரியவர் ஒருவர் ஒரு வாக்கியத்தை எழுதி, அடித்து, மறுபடி எழுதி, அதையும் அடித்துவிட்டுத் தலையைச் சொறிவதைப் பார்த்ததே இல்லை. தங்களுக்கு மட்டும்தான் எழுத வரவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் தன் சொந்த ஊரான யாஸ்னயா போல்யானாவில் விவசாயிகளின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி நடத்தினார். அங்கே நடந்ததை 1862இல் ஒரு கட்டுரையாக எழுதினார். கட்டுரையின் தலைப்பே ஒரு கேள்வி: யார் யாரிடம் எழுதக் கற்றுக்கொள்வது, விவசாயிகளின் பிள்ளைகள் நம்மிடமா, நாம் அவர்களிடமா?

கரண்டியால் ஊட்டிவிட்டு அதன் காம்பால் கண்ணைக் குத்துகிறான் என்று ஒரு ரஷ்யப் பழமொழி. அதை வைத்துக் கதை எழுதச் சொல்கிறார். பிள்ளைகள் நீங்களே எழுதுங்களேன் என்கிறார்கள். சரி என்று உட்கார்ந்து எழுதுகிறார். பையன்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறார்கள். ஒரு பக்கம் எழுதியதும் வாசித்துக் காட்டுகிறார். யாரும் பாராட்டவில்லை. அவருக்கு வெட்கமாகப் போய்விடுகிறது. அதை அவரே எழுதுகிறார். அப்போதே அவர் பெயர் பெற்ற எழுத்தாளர் என்பதை மறக்க வேண்டாம்.

அதன்பிறகு பிள்ளைகள் சொல்லச் சொல்ல அவர் எழுதுகிறார். கூட்டத்தில் இரண்டு பையன்கள் மட்டும் கடைசிவரை இருக்கிறார்கள், ஃபெத்காவும் ஸ்யோம்காவும். கதையில் ஒருவன் பெண்கள் போடும் ரோமக் கோட்டை மாட்டிக்கொண்டு வருகிறான் என்கிறான் ஃபெத்கா. கதைக்கு அது தேவையே இல்லை. ஆனால் அந்த ஒரு கோட்டில் அந்த ஆளின் ஒடுங்கிய மார்பு, அந்த வீடு, அதன் வறுமை எல்லாம் டால்ஸ்டாய்க்குத் தெரிந்துவிடுகின்றன. ஏன் பெண்கள் கோட்டு என்று கேட்டால் பையனுக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. அப்படித்தான் இருக்கும், அவ்வளவுதான்.

மேசைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தால் அந்தக் கோட்டு கண்ணில் பட்டிருக்காது என்பது என் துணிபு. அவரும் அதே கதைக்குள் மாட்டிக்கொண்டு திணறியதால்தான் அதன் விலை தெரிந்தது. நான் திருத்துகிறவளாக மட்டும் இருந்த நாட்களில், எத்தனை ரோமக் கோட்டுகளைத் 'தேவையற்றது' என்று சிவப்பு மையால் அடித்தேனோ.

கூட எழுதத் தொடங்கினால் பயிற்சிகளும் தானாக மாறும், ஏனென்றால் சலிப்பானவற்றை நாமே தாங்கமாட்டோம். இத்தாலிய எழுத்தாளர் ஜான்னி ரொதாரி, கதை கண்டுபிடிக்கும் கலை பற்றி 1973இல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் வருகிற ஒன்றைத்தான் நான் அதிகம் பயன்படுத்துகிறேன். ஒரு பிள்ளை பலகையின் முன்பக்கம் ஒரு சொல் எழுத வேண்டும். இன்னொரு பிள்ளை, அதைப் பார்க்காமல், பின்பக்கம் ஒரு சொல் எழுத வேண்டும். அவர் தரும் உதாரணம் நாய், அலமாரி. சம்பந்தமே இல்லாத இரண்டு சொற்கள் மோதும்போது பொறி பறக்கிறது. அவர் தன் மொழியில் பெயருக்கு முன்னால் வரும் முன்னிடைச் சொற்களை வைத்து அவற்றை இணைக்கிறார். தமிழில் நமக்கு வேற்றுமை உருபு இருக்கிறதே! நாயின் அலமாரி. நாய்க்கு அலமாரி. நாயோடு அலமாரி. அலமாரியில் நாய். அலமாரியால் நாய்.

கடைசியைப் பார்த்ததும் வகுப்பே சிரித்தது. அலமாரியால் நாய் என்ன ஆகும்? ஒரு பையன் எழுதினான்: அலமாரி கீழே விழுந்ததால் அந்த நாய்க்கு வீட்டில் இடம் கிடைத்தது, சத்தம் கேட்டு அதுதான் முதலில் குரைத்தது என்று. ஐந்தாம் வகுப்பிலிருந்து 'ஐ, ஆல், கு' என்று ஒப்பித்து வெறுத்த இலக்கணம், கதை பிறக்கும் இயந்திரமாக இருக்கலாம் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். (அவனுடைய தமிழாசிரியரிடம் சொன்னேன். அவர் ரசிக்கவில்லை.)

தமிழில் எழுதச் சொல்லித்தரும்போது வேறு எதையும்விட நம்மைத் தடுமாற வைப்பது இன்னொன்று. பிள்ளை ஒரு தமிழில் பேசுகிறது, இன்னொரு தமிழில் எழுத வேண்டியிருக்கிறது. "தம்பி என் பென்சிலப் புடுங்கிட்டுப் போயிட்டான்" என்று கோபமாகச் சொன்ன அதே பிள்ளை, தாளில் "என் தம்பி எனது எழுதுகோலைப் பறித்துச் சென்றான்" என்று எழுதும். கோபம் எங்கே போனது? நான் இப்போது செய்வது எளிய விஷயம். முதல் வரைவில் எப்படி வருகிறதோ அப்படி எழுதட்டும். இரண்டாவது முறை எழுதும்போது, கதை சொல்லும் குரலை எழுத்துத் தமிழுக்கு மாற்றலாம், பாத்திரங்கள் பேசுவதைத் தொடவே கூடாது. அதோடு 'எழுதுகோல்' வேண்டாம், பென்சில் போதும். முன்னுரை, முடிவுரையும் வேண்டாம். "இக்கதையின் மூலம் நாம் அறிவது" என்று ஒரு பிள்ளை தொடங்கினால், பேனாவை மெல்ல வாங்கி வைத்துவிடுவேன்.

பிழைகளைத் திருத்த வேண்டாமா என்று கேட்பீர்கள். திருத்தலாம், கடைசியில். கட்டாத சுவருக்கு யாராவது வெள்ளையடிப்பார்களா?

சின்னப் பிள்ளைகள் பரவாயில்லை. பதின்மூன்று, பதினான்கு வயதில்தான் சிக்கல். பத்து வயதில் பறக்கும் யானையை வெட்கமில்லாமல் எழுதியவன், பதின்மூன்றில் தன் எழுத்தைத் தானே கேலி செய்யத் தொடங்குகிறான். ஒரு பத்தி எழுதி, கசக்கி, பையில் திணிக்கிறான். எது நல்ல எழுத்து என்று ரசனை வளர்ந்துவிட்டது, கை இன்னும் அங்கே வரவில்லை. அந்த இடைவெளியில் நிறைய பேர் எழுதுவதையே விட்டுவிடுகிறார்கள். அவர்களிடம் "நீ நல்லா எழுதுற கண்ணா" என்பதால் ஒரு பயனும் இல்லை. பொய் என்று தெரிந்துவிடும். என் நோட்டைத் திறந்து, அன்றைக்கு நான் அடித்துப் போட்ட பக்கத்தைக் காட்டுகிறேன். அது வேலை செய்கிறது.

இந்த வயதில் எல்லோரும் யாரையாவது காப்பியடிப்பார்கள். தொடர் பார்த்துவிட்டு அதே நாயகனை வைத்துத் தானே ஒரு அத்தியாயம் எழுதுவார்கள். எழுதட்டும். இசை படிக்கிறவர்கள் பாட்டைப் பிரதி செய்துதானே தொடங்குகிறார்கள்? இன்னொன்று, சாவு. பதினான்கு வயதில் எல்லாக் கதையிலும் யாராவது சாகிறார்கள். முதலில் பயந்து, ஒரு பெண்ணின் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறேன். அந்தப் பெண் அதற்குப்பிறகு வகுப்புக்கு வரவில்லை. கதையில் சாவு வருவது வேறு, பிள்ளை உண்மையில் துவண்டிருப்பது வேறு. அதை அறிய, தனியாகக் கூப்பிட்டு நேராகக் கேட்க வேண்டும். ஆபத்து என்று பட்டால் மறைக்கவே கூடாது, உடனே உதவிக்கு ஆள் தேட வேண்டும். இல்லையென்றால் அது அவளுடைய கதை, என் கையில் நம்பிக் கொடுத்தது. வாசிக்க விருப்பமில்லாதவர் வாசிக்க வேண்டாம் என்பது எங்கள் வகுப்பின் விதி. எனக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது.

செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கி வருகிறார்களே என்று சக ஆசிரியர்கள் கவலைப்படுகிறார்கள். வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் வரத்தான் செய்யும். பத்து நிமிடம், காகிதம், எதிரில் நானும் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது யாருக்கும் அந்த எண்ணமே வருவதில்லை.

பெற்றோரிடம் ஒன்று கேட்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை நான்கு கதை எழுதியதுமே புத்தகம் அச்சடித்து, வெளியீட்டு விழா வைத்து, 'இளம் எழுத்தாளர்' பட்டம் கொடுத்துவிடுகிறோம். அடுத்த கதையைச் சுமாராக எழுதும் உரிமை அந்தப் பிள்ளைக்கு அன்றோடு போய்விடுகிறது. என் வகுப்பில் இரண்டு பேர் அப்படி மேடையேறியவர்கள். தாளைப் பார்த்தாலே கை நடுங்குகிறது அவர்களுக்கு.

டால்ஸ்டாயும் பையன்களும் சேர்ந்து எழுதினார்களே, அந்தத் தாள்கள் என்ன ஆயின தெரியுமா? அவர் இல்லாத நேரத்தில் பள்ளிப் பிள்ளைகள் காகித வெடி மடித்து விளையாடித் தீர்த்துவிட்டார்கள். அவருக்குத் தாங்கவில்லை. ஃபெத்காவும் ஸ்யோம்காவும், நாங்களே திரும்ப எழுதித் தருகிறோம் என்று ஒரு இரவு அவருடைய அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார்கள். நெடுநேரம் கழித்து அவர் கதவைத் தட்டினார். உள்ளே ஃபெத்கா அவருடைய சாய்வு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். ஸ்யோம்கா வாயைக் கோணிக்கொண்டு, பெரிய பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தான்.