பிரெயிலில் வரும் புகாரை யார் படிப்பது?

பார்வையற்ற பிள்ளைகளின் கல்விக்காக வேலை செய்யும் பன்னாட்டு அமைப்புகளின் குழந்தைப் பாதுகாப்புக் கொள்கைகளைப் பற்றி, அதாவது பிள்ளைகளிடம் யாரும் தவறாக நடந்துகொள்ளாமல் காக்கும் விதிகளைப் பற்றி, நீண்ட நாளாகவே எழுத நினைத்திருந்தேன். விடுதியுள்ள பள்ளிகளில் சிறப்பாசிரியராக வேலை பார்த்தவள் என்ற முறையில் எனக்கு இதில் சொல்ல நிறைய இருக்கிறது.

ஐ.சி.இ.வி.ஐ. (பார்வைக் குறைபாடுள்ளோர் கல்விக்கான பன்னாட்டு மன்றம்) என்ற அமைப்பைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். 1952இல் நெதர்லாந்தின் புஸ்ஸும் நகரில், பார்வையற்ற மாணவர்களின் ஆசிரியர்கள் கூடித் தொடங்கியது. பல ஆண்டுகள் அதன் செயலகம் நம்ம கோயம்புத்தூரில்தான் இருந்தது. 2006இல் உலகப் பார்வையற்றோர் ஒன்றியத்தோடு சேர்ந்து, பள்ளிப் பக்கமே வராத பிள்ளைகளைச் சேர்க்க உலக அளவில் ஓர் இயக்கமும் தொடங்கினார்கள். பெரிய வேலை அது, மறுக்கவில்லை. இப்படிப்பட்ட அமைப்புகள் எழுதும் விதிகள்தான் உறுப்பினர் நிறுவனங்கள் வழியாக எங்கோ ஒரு விடுதி அறை வரைக்கும் வந்து சேர்கின்றன. அதனால்தான் அந்த விதிகளை அந்த அறையில் உட்கார்ந்து படித்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

பெயர் வேண்டாம், ஒரு பள்ளி. பாதுகாப்புக் கொள்கையைப் பிரேம் போட்டு, கண்ணாடி போட்டு, அலுவலக வாசலில் மாட்டியிருந்தார்கள். பக்கத்திலேயே பூட்டுப் போட்ட புகார்ப் பெட்டி. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கண்ணாடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது சாமி படமா?" என்று கேட்டாள்.

சரி, கொள்கையைப் பிரெயிலில் அச்சடித்துக் கொடுத்தாச்சு என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பிள்ளை புகாரை எப்படி எழுதுவாள்? பிரெயில் சிலேட்டில் ஊசியால் குத்தி எழுத வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் டொக் டொக்கென்று சத்தம் வரும். ராத்திரி ஒரு பிள்ளை தனியாக உட்கார்ந்து எழுதினால் அறை முழுக்கத் தெரிந்துவிடும். எழுதிப் பெட்டியிலும் போட்டுவிட்டாள். திறப்பவருக்குப் பிரெயில் தெரியாது. "இதில் என்ன எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லுங்க" என்று அந்தப் பள்ளியின் சிறப்பாசிரியரிடம்தான் கொண்டுபோவார். புகாரே அந்த ஆசிரியர் மேல் என்றால்?

இதை நான் கற்பனைச் சிக்கலாகச் சொல்லவில்லை. பார்வையற்ற பிள்ளையைச் சுற்றி அவள் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர்தான். அவள் சோறு, குளியல், நடை, படிப்பு எல்லாம் பெரும்பாலும் அதே நாலைந்து பேர் கையில். பார்வையுள்ள பிள்ளைகளுக்கென்று எழுதிய கொள்கையில் 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லை மட்டும் நுழைத்துக் கொடுத்தால் இதைத் தொடவே முடியாது.

அடுத்தது தொடுதல். நம் பாடம் முழுக்கத் தொட்டுச் சொல்லிக் கொடுப்பதுதான், வேறு வழியில்லை. ஆனால் எப்படித் தொடுவது என்பதற்கு முறை இருக்கிறது. ஆசிரியரின் கை கீழே, பிள்ளையின் கை மேலே இருக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் அவள் கையை எடுத்துக்கொள்ளலாம். வழிநடத்தும்போது அவள்தான் நம் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு அரையடி பின்னால் வர வேண்டும், நாம் அவளைப் பிடித்து இழுக்கக் கூடாது. பயிற்சியில் எல்லோரும் படிப்பதுதான். பள்ளிக்கு வந்தால் தோளைப் பிடித்துத் தள்ளுவது, மணிக்கட்டைப் பிடித்து இழுப்பது என்று ஆகிவிடுகிறது. யார் வேண்டுமானாலும் சொல்லாமல் கொள்ளாமல் தொடலாம் என்று ஆறு வயதிலிருந்து பழக்கப்படுத்திவிட்டு, எந்தத் தொடுதல் தப்பு என்று பன்னிரண்டு வயதில் அவளிடம் கேட்பது என்ன நியாயம்? அதையும் படம் போட்ட சுவரொட்டியை வைத்துச் சொல்லித் தருகிறோம். பொம்மையைக் கையில் கொடுத்துச் சொல்லித் தர வேண்டிய பாடம் அது. தொடும் முறை ஆசிரியர் திறமை சார்ந்த விஷயம் என்று விட்டுவிடாமல், பாதுகாப்புக் கொள்கைக்குள்ளேயே விதியாக எழுத வேண்டும்.

புகைப்படமும் அப்படித்தான். பிள்ளையால் பார்க்க முடியாத படத்துக்கு, படிக்க முடியாத தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டு, ஆண்டறிக்கை அட்டையில் போடுகிறார்கள். படத்தில் அவள் எப்படித் தெரிகிறாள், யார் பார்ப்பார்கள் என்பதை வாயால் விவரித்துச் சொல்லிச் சம்மதம் கேட்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

சட்டம் இல்லாமல் இல்லை. நம் நாட்டில் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் யாராக இருந்தாலும் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். "முதலில் உள்ளுக்குள் விசாரிப்போம்" என்று தள்ளிப்போட நிர்வாகத்துக்கு உரிமை கிடையாது. பன்னாட்டுக் கொள்கை இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளி ஆசிரியர்களையும் வேலைக்கு எடுக்கச் சொல்கிறது. அதை வேலைவாய்ப்பாக மட்டும் பார்க்காதீர்கள். பார்வையற்ற ஒரு அக்கா பள்ளியில் ஆசிரியராக இருந்தால், பிள்ளை எழுதியதை அவர் விரலால் படித்துவிடுவார். நடுவில் ஆள் வேண்டாம்.

நான் கேட்பது அதிகச் செலவில்லாதது. ஒவ்வொரு பள்ளிக்கும், அந்தப் பள்ளியில் சம்பளம் வாங்காத, பிரெயில் படிக்கத் தெரிந்த இரண்டு பேர். ஒருவராவது பார்வையற்றவராக இருக்கட்டும். பெண்கள் விடுதி என்றால் இருவரும் பெண்கள். மாதம் ஒருமுறை அவர்கள் வந்து, வார்டன் இல்லாமல் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைக்க ஒரு தொலைபேசி, வார்டன் அறைக்கு வெளியே, பிள்ளைகளே நடந்துபோய் எடுக்கக்கூடிய இடத்தில். இது இருக்கிறதா என்று நேரில் பார்க்காமல் எந்தப் பள்ளிக்கும் உறுப்பினர் சான்றைப் புதுப்பிக்க மாட்டோம் என்று பன்னாட்டு அமைப்புகள் தீர்மானம் போடட்டும். பார்க்கப் போகும் குழுவில் அதே மாதிரி விடுதியில் வளர்ந்த ஒருவர் இருக்கட்டும், அவர் கையெழுத்து இல்லாமல் அறிக்கை செல்லாது என்றும் எழுதட்டும்.