மனமே பிரம்மம் என்று அத்வைதம் சொல்லவில்லை

'அத்வைதத்தின்படி உலகம் என் மனம் காணும் கனவு. ஆகவே என் மனமே பிரம்மம்' என்று சிலர் சொல்வதுண்டு. பிரம்மம் என்னும் ஒரே மெய்ப்பொருளே உண்டு, நம் உண்மையான 'நான்' ஆகிய ஆத்மா அதுவே என்னும் அத்வைதத்தை விளக்கிய சங்கரரின் நிலைப்பாட்டுக்கு இது நேர் எதிரானது. புறப்பொருள்கள் அறிவின் தோற்றங்களே என்ற பௌத்த விஞ்ஞானவாதத்தைப் பிரம்ம சூத்திரத்துக்குத் தாம் எழுதிய உரையான பாஷ்யத்தில் (2.2.28–29) மறுக்கும்போது, கனவில் கண்டது விழித்ததும் பொய்த்துவிடுகிறது, விழிப்பில் கண்ட தூண் போன்ற பொருளோ எந்த நிலையிலும் அப்படிப் பொய்ப்பதில்லை என்று அவர் வெளிப்படையாகவே வேறுபடுத்துகிறார். மாண்டூக்ய காரிகையில், சங்கரருக்கு முந்தைய அத்வைத ஆசிரியரான கௌடபாதர் விழிப்பைக் கனவோடு ஒப்பிடுவது உண்மைதான். ஆனால் அங்கும் தன் மாயையால் அனைத்தையும் கற்பிப்பது ஆத்மா என்கிறாரே தவிர, ஒரு தனிமனிதரின் மனம் என்று சொல்லவில்லை.

இதைவிடப் பெரிய பிழை, மனத்தையே ஆத்மாவாகக் கொள்வது. கோபம் எழுவதும் அடங்குவதும் எனக்குத் தெரிகிறது என்றால், அவற்றை அறியும் சாட்சி அந்தக் கோபமாகவோ அது எழுந்த மனமாகவோ இருக்க இயலாது. ஆழ்ந்த உறக்கத்தில் மனம் ஒடுங்கியிருந்தும், விழித்தெழுந்தவர் 'சுகமாக உறங்கினேன், ஒன்றும் தெரியவில்லை' என்று நினைவுகூர்வதை அத்வைதிகள் சான்றாகக் காட்டுவதும் சாட்சி மனத்திலிருந்து வேறானது என்று உணர்த்தவே. பிருஹதாரண்யக உபநிடதத்தின் 'அஹம் பிரம்மாஸ்மி' என்னும் வாக்கியம் சுட்டுவது இந்தச் சாட்சியையே. விருப்பு வெறுப்புகளோடு கூடிய அகங்காரத்தை அன்று.